ஒலியே எழுப்பாதவருக்கு எப்படி மதிப்பெண் போடுகிறார்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். சென்னையில் இருக்கும் உங்கள் மகனுக்கு 19 வயது. பியானோவில் எட்டாவது கிரேடு முடித்துவிட்டான். இப்போது ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டர், அதாவது மேடையில் கோல் வீசிப் பெரிய வாத்தியக் குழுவை நடத்துகிறவர், ஆக வேண்டும் என்கிறான். பிரான்ஸில் பெசான்சோன் என்ற ஊரில் இளம் கண்டக்டர்களுக்கு நடக்கும் சர்வதேசப் போட்டியில் ஒருநாள் நிற்க வேண்டும் என்பது அவன் கனவு. கையில் வாத்தியமே இல்லாதவரை எதை வைத்து எடைபோடுகிறார்கள், இவன் ஆசைப்படுவது நடக்கிற காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியமான வயோலா வாசிக்கிறவன், கண்டக்டர் இல்லை. ஆனால் கோல் பிடிப்பவருக்கு எதிரே பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நல்லவர், சுமாரானவர், கை நடுங்குகிற புதியவர் என்று எல்லாரையும் நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த இடத்திலிருந்து தெரிவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊர். பெசான்சோன் பிரான்ஸின் கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. டூ என்ற ஆறு ஊரை ஒரு குதிரைலாடம் போலச் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடுகிறது; மேலே மலைக்கோட்டை. கடிகாரம் செய்கிற ஊர் என்று நெடுங்காலம் பேர் வாங்கியது. அங்கே 1948இல் ஓர் இசைவிழா தொடங்கியது. ருமேனியப் பியானோ மேதை டினு லிபாட்டி கடும் நோயோடு வந்து தன் கடைசிக் கச்சேரியை வாசித்தது 1950 செப்டம்பரில், அந்த விழாவில்தான். நிரலின் கடைசி வால்ட்ஸை வாசிக்க அவருக்குத் தெம்பில்லாமல் போயிற்று. மறு வருஷம், 1951இல், விழாவின் பகுதியாக இளம் கண்டக்டர்களுக்கான போட்டியைத் தொடங்கினார்கள். கோல் பிடிப்பவர்களுக்கென்று உலகில் நடக்கிற போட்டிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில், செப்டம்பர் மாதம் நடக்கிறது.

உங்கள் மகனுக்கு முக்கியமான செய்தி: அங்கே பட்டமோ சான்றிதழோ கேட்பதில்லை. வயது மட்டும் 35க்குள் இருக்க வேண்டும். சில நூறு பேர் விண்ணப்பிப்பார்கள். சல்லடையில் சலித்து இருபது பேரைப் போல எடுப்பார்கள். முதல் சுற்றுத் தேர்வுக்கு முழு ஆர்க்கெஸ்ட்ராவை எதிரே உட்கார வைப்பது கட்டுப்படியாகாது. அதனால் சிம்பொனியைப் பியானோவுக்கு மாற்றி எழுதிய வடிவத்தை இரண்டு பியானோக் கலைஞர்கள் வாசிக்க, அவர்களை நடத்திக் காட்டச் சொல்வது இந்தத் துறையில் நெடுநாள் வழக்கம். இரண்டே பேர்தானே என்று தோன்றும். உண்மையில் அது கொடுமையான சோதனை. எண்பது பேர் இருந்தால் அவர்கள் பழக்கத்தில் ஓட்டிவிடுவார்கள். கண்டக்டரின் குறை அதில் மூழ்கிப்போகும். இரண்டு பேர் உங்கள் கையை மட்டுமே பார்த்து வாசித்தால், கையில் இருக்கும் குழப்பம் அத்தனையும் அப்படியே காதில் விழும்.

இனி நீங்கள் கேட்டது: எதைப் பார்க்கிறார்கள்?

கச்சேரி மேடையில் கண்டக்டர் செய்வதைத்தான் ரசிகர்கள் பார்க்கிறோம். போட்டியின் பெரும்பகுதி ஒத்திகைதான். ஒரு போட்டியாளருக்கு இருபது நிமிஷம், அரை மணி என்று ஏதோ ஒரு நேரம் கொடுப்பார்கள். எதிரே அவரை முன்பின் அறியாத ஆர்க்கெஸ்ட்ரா. பின்னால் நடுவர்கள், பல சுற்றுகளில் பொதுமக்களும். அந்த நேரத்துக்குள் ஒரு படைப்பை எடுத்து, வாசிக்க வைத்து, நிறுத்தி, திருத்தி, மறுபடி வாசிக்க வைக்க வேண்டும். முதல் தடவை கேட்டதற்கும் கடைசியில் கேட்டதற்கும் நடுவே என்ன மாறியது? நடுவர்கள் எடைபோடுவது இந்த மாற்றத்தைத்தான் என்று நான் நம்புகிறேன். ஆர்க்கெஸ்ட்ரா ஏற்கெனவே நன்றாக வாசிக்கக் கூடியது. அது நன்றாக வாசித்தால் அந்தப் பெருமை போட்டியாளரைச் சேராது. அவர் வந்த பிறகு வேறு மாதிரி வாசித்ததா என்பதே விஷயம்.

ஓர் உதாரணம். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் தொடக்கம் எல்லாருக்கும் தெரியும், மூன்று குட்டி ஸ்வரமும் ஒரு நீண்ட ஸ்வரமும். கேட்க எத்தனை எளிது! ஆனால் தாளில் அந்த அடியின் முதல் கால் பங்கு மௌனம். கோல் கீழே விழும் கணத்தில் யாரும் வாசிக்கக் கூடாது. அது விழுந்த பிறகு எல்லாரும் ஒன்றாகப் பாய வேண்டும். என்ன வேகம், எவ்வளவு பலம், எத்தனை கோபம் என்பதை எல்லாம் கண்டக்டர் அதற்கு முந்தைய ஒரே ஒரு வீச்சில் சொல்லியாக வேண்டும். "ஒன்று, இரண்டு" என்று எண்ணிக் காட்டுவது கௌரவக் குறைவு. அந்த வீச்சில் தெளிவு இல்லையென்றால் வயலின்கள் ஒரு மாதிரியும் செல்லோக்கள் வேறு மாதிரியும் விழும். சிறு கல்லெறிந்த கண்ணாடி மாதிரி சத்தம் கேட்கும். அவரே எழுதிய முதல் சிம்பொனியில் வேறொரு கண்ணி: முதல் ஒலியிலேயே ஊதுகிறவர்கள் நீண்ட ஸ்வரம் பிடிக்க, தந்திக்காரர்கள் விரலால் மீட்ட வேண்டும். ஊதும் ஸ்வரம் திரண்டு வரச் சற்று நேரம் பிடிக்கும். மீட்டல் உடனே தெறித்துவிடும். இரண்டையும் ஒரே புள்ளியில் சேர்ப்பது கண்டக்டரின் மூச்சில் இருக்கிறது. ஆம், மூச்சில்தான். நல்ல கண்டக்டர் வாத்தியக்காரரோடு சேர்ந்து மூச்சு இழுப்பார். எங்களுக்கு அது காதிலும் விழும்.

ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த தாள், படிப்பது இன்னொரு பெரிய விஷயம். கண்டக்டர் முன்னால் இருக்கும் தாளில் இருபது வரி ஒன்றன் கீழ் ஒன்றாக ஓடும். எழுதிய ஸ்வரமும் கேட்கிற ஸ்வரமும் எல்லா வாத்தியத்துக்கும் ஒன்றில்லை. எஃப் சுருதி ஹார்ன்காரர் தாளில் 'சி' என்று இருப்பதை ஊதினால் கேட்பது 'எஃப்'. என் வயோலாவுக்கு எழுதுகிற குறியே வேறு. ஏ சுருதி கிளாரினெட்டுக்கு எழுதியதை ஒருவர் கவனப்பிசகாக பி-ஃபிளாட் கிளாரினெட்டில் ஊதிவிட்டால், எல்லாமே அரை ஸ்வரம் மேலே ஏறிவிடும். நடுவர்களுக்கு இது நல்ல ஆயுதம். வாத்தியக்காரர்களின் தாளில் வேண்டுமென்றே சில பிழைகளைச் செருகி, போட்டியாளர் கண்டுபிடிக்கிறாரா என்று பார்ப்பது போட்டிகளில் பழைய முறை. சத்தக்காட்டில் இரண்டாவது டிராம்போன் ஒரு ஸ்வரம் தவறாக ஊதுகிறார். அதை நிறுத்தி, யார், எந்த இடம், என்ன ஸ்வரம் என்று பதற்றமில்லாமல் சொல்ல வேண்டும். "அங்கே ஏதோ சரியில்லை" என்று சொல்லிவிட்டால் அந்தக் கணமே ஆர்க்கெஸ்ட்ராவின் நம்பிக்கை போய்விடும்.

அந்த நம்பிக்கையைப் பற்றி நாற்காலிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன், இதை வெளியே அதிகம் பேசுவதில்லை. ஆர்க்கெஸ்ட்ரா கோலோடு சரியாக ஒட்டி வாசிக்காது. கொஞ்சம் பின்னால் வரும். பின்வரிசை டிரம்பெட்டின் ஒலி பத்து மீட்டர் கடந்து வர நொடியில் நூறில் மூன்று பங்கு ஆகிறது. அதைவிடப் பெரிய காரணம் எங்கள் பழக்கம்: கோல் விழுவதைப் பார்த்து, அதன் எடையை உணர்ந்து, பிறகுதான் ஒலியை வைக்கிறோம். புதிய கண்டக்டர் இந்தத் தாமதத்தைக் கேட்டதும் பதறி, எங்களுக்காகக் காத்திருப்பார். அவர் காத்திருப்பதைப் பார்த்து நாங்கள் இன்னும் பின்னால் போவோம். அவர் இன்னும் காத்திருப்பார். இரண்டு நிமிஷத்தில் இசையின் வேகம் சேற்றில் இறங்கிய மாட்டு வண்டி ஆகிவிடும். யாரும் தவறாக வாசிக்கவில்லை. ஆனாலும் உயிர் போய்விட்டது. காதில் விழுவதைக் கேட்டுக்கொண்டே, கையை அதற்கு முன்னால் வைத்திருக்கத் தெரிய வேண்டும். தனியறையில் ஒலிப்பதிவைப் போட்டுக் கோல் வீசிப் பழகினவருக்கு இது ஒருநாளும் வராது. பதிவு உங்களுக்காகக் காத்திருக்காது, உங்களைக் கேட்கவும் கேட்காது.

பேச்சைக் குறைக்கத் தெரிவதும் ஒரு மார்க். இருபது நிமிஷத்தில் ஏழு நிமிஷம் தத்துவம் பேசினவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு வேண்டியது "இந்த இடம் இன்னும் மெல்ல", "வில்லின் நுனியில்", "ஓபோவைக் கேட்டுக்கொண்டே போங்கள்" போன்ற வார்த்தைகள். மொழி தெரியாவிட்டால் பாடிக் காட்டினால் போதும். குரல் நன்றாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

பெசான்சோனில் சுற்றுகள் முன்னேற முன்னேற வேலையின் வகையும் மாறும். சிம்பொனி மட்டும் நடத்தத் தெரிந்தால் போதாது, பாடகர்களோடு ஓபரா அல்லது சமய இசைப் பகுதி ஒன்றையும் நடத்தவேண்டி வரும். பாடகர் ஒரு சொல்லில் நின்று இழைத்தால் அறுபது பேரை அந்தரத்தில் நிறுத்தி, அவர் முடித்ததும் பூப்போல இறக்க வேண்டும். நம் ஊரில் விருத்தம் பாடும்போது பக்கவாத்தியக்காரர் பாடகரின் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார் அல்லவா, அந்தக் கவனம். இறுதிச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு: வாழும் இசையமைப்பாளர் ஒருவரிடம் அந்தப் போட்டிக்கென்றே புதிய படைப்பை எழுதி வாங்குகிறார்கள். ஒலிப்பதிவு கிடையாது; பின்பற்ற எந்த மேதையின் பாணியும் கிடையாது. தாளில் இருப்பதை ஒலியாகக் கற்பனை செய்யத் தெரிந்தவர் யார், பிறர் வாசித்ததைக் கேட்டுப் படித்தவர் யார் என்பது அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும்.

பெசான்சோன் பேரை உலகம் அறியச் செய்தவர் ஜப்பானின் செய்ஜி ஓசாவா. கதை பலமுறை சொல்லப்பட்டதுதான், இருந்தாலும் உங்கள் மகன் அறியவேண்டியது. பியானோ படித்துக்கொண்டிருந்த பையன், ரக்பி ஆட்டத்தில் விரல் உடைந்ததால் கண்டக்டிங் பக்கம் திரும்பினார். 1959இல் சரக்குக் கப்பலேறி மார்செய் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து ஸ்கூட்டரில் பாரிஸ் போனார். அந்த செப்டம்பரில் பெசான்சோனில் முதல் பரிசு. பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் தலைவராக இருந்த சார்ல்ஸ் மூன்ஷ் அழைக்க, அடுத்த வருஷம் அமெரிக்காவில் டாங்கிள்வுட் கோடைப் பள்ளி, அங்கே ஒரு பரிசு. பிறகு பெர்லினில் புகழ்பெற்ற கண்டக்டர் கராயனிடம் படிப்பு. 1961இல் நியூயார்க்கில் பெர்ன்ஸ்டைனுக்கு உதவிக் கண்டக்டர். 1973 முதல் 2002 வரை பாஸ்டன் சிம்பொனியை நடத்தியவர் அவரே.

இந்தக் கதையில் கப்பலையும் ஸ்கூட்டரையும் எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய குரு ஹிதேயோ சைட்டோ. டோக்கியோவில் அவர் கண்டக்டிங்கை அடவு சொல்லிக் கொடுப்பது போல அசைவு அசைவாகப் பிரித்துப் பாடம் நடத்தினார். பந்து தரையில் பட்டு எழும்புவது போன்ற தட்டலுக்கு ததாகி என்று ஒரு பேர். அள்ளி எடுப்பது போன்ற வளைவுக்கு ஷகுயி என்று ஒரு பேர். எந்த அசைவில் வேகம் கூடுகிறது, எங்கே குறைகிறது, அடி சரியாக எந்தப் புள்ளியில் விழுகிறது என்று மாதக்கணக்கில் பழக்குவார். ஓசாவா ஐரோப்பாவுக்கு அறிமுகமில்லாத ஆளாகப் போனார். ஆனால் கை தயாராக இருந்தது. அவருக்குப் பிறகு ஜப்பானியர்கள் அந்த ஊரில் வரிசையாக ஜெயித்தார்கள். 1982இல் யோகோ மட்சுவோ, 1989இல் யுடாகா சாடோ, 2009இல் கசுகி யமடா, 2019இல் நொதோகா ஒகிசாவா. சிங்கப்பூரின் டாரெல் ஆங் 2007இல் ஜெயித்தார். அமெரிக்கரான ஜானதன் ஹேவர்ட் 2015இல் ஜெயித்து, 2023இல் பால்டிமோர் சிம்பொனியின் இசை இயக்குநர் ஆனார்.

மற்ற போட்டிகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும். ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் முதல் சிம்பொனியை 1926இல் அரங்கேற்றிய நிகோலாய் மால்கோவின் பேரில் கோபன்ஹேகனில் 1965 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடப்பது ஒன்று. ஜெர்மனியில் பாம்பெர்க் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா 2004இல் இசையமைப்பாளர் மாலர் பேரில் தொடங்கியது இன்னொன்று. அதன் முதல் வெற்றியாளர் வெனிசுவேலாவின் குஸ்தாவோ டுடாமெல், அப்போது வயது 23. நடுவராக இருந்த எசா-பெக்கா சலோனென் அந்தப் பையனைப் பற்றித் தன் லாஸ் ஏஞ்சலீஸ் ஆர்க்கெஸ்ட்ராவுக்குச் சொல்ல, ஐந்து வருஷம் கழித்து 2009இல் சலோனெனின் நாற்காலியிலேயே டுடாமெல் உட்கார்ந்தார். லஹாவ் ஷானி 2013இலும், சிங்கப்பூரின் காஹ்சுன் வோங் 2016இலும் அங்கே ஜெயித்தவர்கள். பெண்களுக்கென்றே பாரிஸில் 2020இல் தொடங்கிய லா மேஸ்த்ராவில் முதல் பரிசு இந்தோனேசியாவின் ரெபெக்கா டோங்குக்கு. தனிப்போட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 1951இல் தொடங்கிய பெசான்சோனில் மட்சுவோ என்ற பெண் ஜெயித்தது 1982இல்தான். கோல் பிடிக்கும் கை ஆணுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் ஆர்க்கெஸ்ட்ராக்களில் எத்தனை ஆழமாக ஊறியிருந்தது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தவன். அது உடைவதில் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி.

பரிசுத் தொகை பெரிதாகத் தெரியும். மால்கோவில் முதல் பரிசு 20,000 யூரோ. ஆனால் ஜெயித்தவர் தேடுவது அதை இல்லை. வயலின்காரர் வீட்டில் சாதகம் செய்யலாம். கண்டக்டரின் வாத்தியம் எண்பது மனிதர்கள். ஒரு மணி நேரத்துக்கு அவர்களைத் திரட்டப் பெரும் பணம் வேண்டும். போட்டியில் ஜெயித்தால் பல ஆர்க்கெஸ்ட்ராக்களின் அழைப்பு வரும், மேடையில் நிற்கும் நேரம் கிடைக்கும். லண்டனில் டொனடெல்லா ஃப்ளிக் பேரில் நடக்கும் போட்டியில் வென்றவர் லண்டன் சிம்பொனியில் உதவிக் கண்டக்டர் ஆகிறார். நம் பம்பாயில் பிறந்த ஜூபின் மேத்தாவும் அப்படித்தான்: 1958இல் லிவர்பூல் போட்டியில் முதல் பரிசு, அதோடு அங்குள்ள ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு வருஷம் உதவிக் கண்டக்டர் வேலை.

போட்டியால் அளக்க முடியாதவையும் நிறைய உண்டு. மூன்று வருஷம் ஒரே ஆர்க்கெஸ்ட்ராவோடு குடும்பம் நடத்தும் பொறுமையை இருபது நிமிஷத்தில் யார் பார்க்க முடியும்? மாரிஸ் யான்சன்ஸ் 1971இல் கராயன் போட்டியில் இரண்டாவதாக வந்தவர். அவரைப் போல ஆர்க்கெஸ்ட்ராவை அரவணைத்து வளர்த்தவர்கள் அந்தத் தலைமுறையில் மிகக் குறைவு. இன்று எல்லாரும் பேசும் பின்லாந்தின் கிளாவுஸ் மாகெலா போட்டி வழியாக வந்தவரே இல்லை. கண்டக்டிங் ஆசிரியர் யோர்மா பனுலாவிடம் சிறுவயதிலேயே படித்தார். பனுலாவின் முறையில் மாணவர் உண்மையான வாத்தியக்காரர்கள் முன்னால் நின்று நடத்துவார், அதை வீடியோ எடுத்துப் போட்டுப் பார்த்துத் திருத்துவார்கள். போட்டி ஒரு கதவு. அது ஒன்றுதான் வழி என்று பையன் நினைத்துவிட வேண்டாம்.

இப்போது உங்கள் மகன். நடக்குமா என்றால், நடக்கும், உடனே நடக்காது. ஹேவர்ட் ஜெயித்தபோது வயது 23, யமடாவுக்கு 30. உங்கள் பையனுக்கு அந்த வயது வரம்பைத் தொட இன்னும் பல வருஷம் இருக்கிறது. எட்டாவது கிரேடு பியானோ நல்ல அடித்தளம், வீணாகாது. ஐரோப்பிய இசைப் பள்ளிகளில் கண்டக்டிங் நுழைவுத் தேர்விலேயே பியானோவும் காதுப் பயிற்சியும் கறாராகப் பார்ப்பார்கள். அவனுக்கு இல்லாதது ஒன்றுதான் என்று ஊகிக்கிறேன்: கூட்டத்துக்குள் உட்கார்ந்து, இன்னொருவர் கையைப் பார்த்து வாசித்த அனுபவம். பியானோக்காரர்கள் தனியாகவே வளர்ந்துவிடுகிறார்கள். அவனை உடனே ஒரு தந்தி வாத்தியம் எடுக்கச் சொல்லுங்கள், சுமாராக வாசித்தாலும் போதும். வயோலா எடுத்தால் எங்கும் இடம் கிடைக்கும், எந்தக் குழுவிலும் எங்களுக்குப் பஞ்சம்தான். அதுவரை ஒரு பாடகர் குழுவில் சேரட்டும். சென்னையில் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இருக்கிறது, சர்ச் பாடகர் குழுக்கள் இருக்கின்றன. இதைச் சும்மா சொல்லவில்லை. வியன்னாவில் படித்த காலத்தில் மேத்தாவும் அவர் நண்பர் கிளாடியோ அப்பாடோவும் பெரிய கண்டக்டர்களின் ஒத்திகையைப் பார்க்க முடியாமல் கதவு மூடியிருந்ததால், அந்த அரங்கின் பாடகர் குழுவில் பேஸ் என்ற கீழ்ச்சுருதி ஆண்குரலில் சேர்ந்துவிட்டார்கள். கராயனின் கையை நேருக்கு நேர் பார்க்க அதுதான் வழியாக இருந்தது.

ஹேடனின் நால்வர் இசை ஸ்கோர் ஒன்றை வாங்கி, நான்கு வரியையும் பியானோவில் ஒரே நேரத்தில் வாசிக்கப் பழகட்டும். பிறகு ஒரு வரியைப் பாடிக்கொண்டு மற்ற மூன்றை வாசிக்கட்டும். இது மூன்று மாதம் வெறுப்பேற்றும், அப்புறம் பிடித்துப்போகும்.

அடுத்து, வாசிக்கத் தெரிந்த நண்பர்கள் ஐந்தாறு பேரைச் சனிக்கிழமை வீட்டுக்கு அழையுங்கள். மொசார்ட்டின் கே 136 டிவெர்டிமென்டோ, முதல் பகுதி மட்டும். தந்தி வாத்தியங்கள் போதும், கண்டக்டர் இல்லாமலும் வாசிக்கக் கூடியது, அதனால்தான் அது நல்ல சோதனை. அவன் நடத்தட்டும். போனை வாத்தியக்காரர்கள் பக்கத்தில் வைத்து, அவன் முகமும் கையும் தெரியும்படி எடுங்கள். போட்டிகளுக்கு அனுப்பும் வீடியோவும் அந்தக் கோணத்தில்தான் இருக்க வேண்டும். பிறகு ஒலியை அணைத்துவிட்டு, அங்கே இல்லாத ஓர் இசைக்காரரிடம் காட்டுங்கள். எங்கே பலம், எங்கே மெல்ல, எந்த இடத்தில் ராகத்தை இரண்டாவது வயலினிடம் கொடுக்கிறான் என்று அவர் கையைப் பார்த்தே சொல்கிறாரா என்று பாருங்கள். முதல் தடவை சொல்லமாட்டார். அந்த வீடியோவை அழித்துவிடாமல் வைத்திருந்து, ஆறு மாதம் கழித்து அதே இசையை மறுபடி எடுத்து, இரண்டையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன்.